குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா? யார் சொல்வதை நம்புவது?

ஜூன் 12, காலை

கோவில்பட்டி அண்ணாச்சி ஒருவர் கேட்டது இது: "மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டி விழுதுன்னு வாட்ஸ்அப்பில வீடியோ வந்துச்சு. சனிக்கிழமை வேன் பிடிச்சுக் குடும்பத்தோட போனோம். பாறையில சொட்டுச் சொட்டா வழியுது, அதுக்கு அம்புட்டுக் கூட்டம் வரிசையில நிக்குது. குற்றால நிலவரம்னு போடுறதை எல்லாம் நம்பலாமா, கூடாதா?"

ஆர்ச் என்று அவர் சொல்வது மெயின் அருவியில் குளிக்கிற இடத்துக்கு மேலே இருக்கிற வளைவை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் இருப்பது பாவூர்சத்திரம். மேற்கே மலையில் மேகம் கறுத்தாலே எங்கள் வீட்டு போனுக்கு ஓய்வு கிடையாது. சென்னையிலிருந்து சித்தப்பா, மதுரையிலிருந்து பழைய ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் சொல்லி அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர் என்று யார் யாரோ கூப்பிட்டு "தண்ணி விழுதா?" என்பார்கள். நம்மை நம்பி ஒரு குடும்பம் இரண்டு நாள் லீவு போட்டுக் கிளம்பி வருகிறது, அவர்களுக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் இதை எல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன்.

நம்பலாம், ஆனால் எந்த அருவி, எத்தனை மணிக்குப் பார்த்தது, பார்த்தவர் யார் என்று தெரிந்தால் மட்டும். "குற்றாலத்தில் தண்ணீர் அருமை" என்றால் எதைச் சொல்கிறார்? மெயின் அருவியும் குற்றாலம்தான், ஐந்தருவியும் குற்றாலம்தான், பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி எல்லாமே குற்றாலம்தான். ஒரே நாளில் ஐந்தருவியில் நாலு கிளையில் ஜோராக விழும், புலியருவியில் சின்னப் பிள்ளைகள் தலையை நனைக்கக்கூடத் தண்ணீர் இருக்காது. நேரம் அதைவிட முக்கியம். காலையில் ஆறு மணிக்குப் பார்த்த தண்ணீர் மத்தியானம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலை செங்குத்து, தண்ணீர் வருகிற பரப்பும் சின்னது, ஏறினால் மளமளவென்று ஏறும், மேலே மழை நின்றால் அதே வேகத்தில் இறங்கிவிடும்.

ஜூன் 12, இரவு

அண்ணாச்சி அந்த வீடியோவை எனக்கும் அனுப்பினார். ஒரு தடவை பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் உண்மையிலேயே ஆர்ச்சைத் தாண்டித்தான் விழுகிறது, சத்தமும் பிரமாதமாக இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இடது ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் நிற்கிறார்கள், கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை. அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் நீல வேட்டியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். ஜூன் மாதம் இப்படி ஐயப்ப சாமிமார் கூட்டமாக எங்கே வரப்போகிறார்கள்? அது கார்த்திகை மார்கழியில் எடுத்தது, வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர். யாரோ பழையதை எடுத்து "இன்றைய குற்றாலம்" என்று போட்டிருக்கிறார்கள், அது ஊர் ஊராகச் சுற்றி கோவில்பட்டிக்கு வந்திருக்கிறது.

வீடியோ வந்தால் அருவியைப் பார்க்காதீர்கள், ஆட்களையும் ஓரங்களையும் பாருங்கள். என்ன உடுத்தியிருக்கிறார்கள், பழக்கடையில் என்ன பழம் இருக்கிறது, பின்னால் வானம் எப்படி இருக்கிறது. சீசன் நேரம், அதாவது தென்மேற்குப் பருவமழை பெய்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கூடையில் இருக்க வேண்டும். முகத்தைக் காட்டிப் பேசுகிறவர் தேதியும் மணியும் சொன்னால் இன்னும் நல்லது. சத்தத்துக்கு மேல் பாட்டு போட்ட வீடியோ எதையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு என்று காது சொல்லும், பாட்டு அதை மறைத்துவிடும்.

ஜூன் 14

அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் அமெரிக்காவில் டென்வர் பக்கம் வேலை பார்க்கிறார். அவர் எழுதினார்: "அண்ணே, இங்கே பனிச்சறுக்கு நடத்துற கம்பெனிகள் போடுற பனி நிலவரத்திலும் இதே பிரச்சினைதான். பத்து இஞ்ச் புதுப் பனின்னு போடுவான், மூணு மணி நேரம் கார் ஓட்டிப் போனா பாதிகூட இருக்காது. இதை ரெண்டு பேராசிரியர்கள் ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க."

அவர் சொன்னதைத் தேடிப் படித்தேன், நேற்று ராத்திரி தூக்கம் போனது. டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜோனதன் ஜின்மன், எரிக் ஜிட்ஸெவிட்ஸ் இருவரும் செய்தது, 2016-ல் பொருளாதார ஆய்விதழில் வெளியானது. பனிச்சறுக்கு மையங்கள் தாங்களே அறிவிக்கிற புதுப் பனி அளவை நாள்வாரியாக எடுத்து அடுக்கிப் பார்த்திருக்கிறார்கள். வாரநாட்களைவிடச் சனி ஞாயிறுகளில் 23 சதவீதம் கூடுதல் பனி பெய்ததாக அந்த மையங்கள் அறிவித்திருக்கின்றன.

இதில் இருக்கிற கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு மலைக்கும் போய் ஸ்கேல் வைத்து அளந்து "நீ சொன்னது பொய்" என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. வானத்துக்குச் சனிக்கிழமை எது, செவ்வாய்க்கிழமை எது என்று தெரியாது. சனிக்கிழமை மட்டும் பனி கூடுகிறது என்றால் கூட்டுவது வானம் இல்லை, ஆள். பொய்யால் அதிக லாபம் வரக்கூடிய மையங்கள்தான் அதிகமாகக் கூட்டிச் சொன்னதாகவும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்தக் காலகட்டத்தின் கடைசியில் ஐபோனில் ஒரு ஆப் வந்தது, மலையில் நிற்கிறவரே "இங்கே இவ்வளவுதான் பனி" என்று அங்கிருந்தே போடலாம். அது வந்ததும் கூட்டிச் சொல்வது சட்டென்று குறைந்துவிட்டது. அதிலும் போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற மலைகளில் அதிகமாகக் குறைந்தது. அபராதம் போடவில்லை, வழக்கு போடவில்லை. பக்கத்தில் நிற்கிறவன் உடனே சொல்லிவிடுவான் என்ற ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

ஜூன் 15

"அமெரிக்காக்காரன் பனிக்கும் நம்ம அருவிக்கும் என்ன சம்பந்தம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் வானம் கொடுப்பதை விற்கிறார்கள், வாங்குகிறவர் தூரத்திலிருந்து முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வருகிறார், வந்த பிறகு திரும்பிப் போக மனசு வராது. வேனுக்குக் கொடுத்தாச்சு, லாட்ஜுக்குக் கொடுத்தாச்சு, பிள்ளைகள் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்த இடத்தில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஜூன் 19

டென்வர் தம்பியிடம் பனியை எப்படி அளக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஒரு வெள்ளைப் பலகையை வெளியில் வைத்துவிடுவார்களாம், அதில் விழுந்து சேர்ந்த உயரத்தை அளந்துவிட்டுத் துடைத்து வைப்பார்கள். இதில் பொய்யே சொல்லாமல் பெரிய எண் வாங்க வழி இருக்கிறது. புதுப் பனி விழுந்த கொஞ்ச நேரத்தில் தன் எடையால் தானே அமுங்கும். இருபத்து நாலு மணி நேரம் கழித்து ஒரே தடவை அளந்தால் ஒரு அளவு வரும். அடிக்கடி அளந்து, துடைத்து, எல்லாவற்றையும் கூட்டினால் அதைவிடப் பெரிய அளவு வரும். அதனால்தான் அமெரிக்க வானிலைத் துறை ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் பலகையைத் துடைக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. பலகையை எங்கே வைக்கிறோம் என்பதும் இருக்கிறது. மலை உச்சியில் காற்றுப் படாத மூலையில் வைத்தால் ஒரு கணக்கு, கீழே கார் நிற்கிற இடத்தில் வைத்தால் வேறு கணக்கு. இரண்டுமே நிஜம்தான், வருகிறவர் சறுக்கப்போவது இரண்டுக்கும் நடுவில்.

படித்ததும் எங்கள் ஊர் லாட்ஜ் மேனேஜர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லாரையும் பொய்க்காரர்கள் என்று சொல்ல நான் தயாராக இல்லை. "தண்ணி நல்லா இருக்கு சார், தைரியமா வாங்க" என்று சொல்கிறவர் விடியற்காலை பார்த்த தண்ணீரைச் சொல்கிறார், அல்லது நிறைய விழுகிற ஐந்தருவியை மட்டும் சொல்கிறார். அவர் பார்த்தது உண்மை. நீங்கள் போய் நிற்கப்போவது மத்தியானம், மெயின் அருவியில். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "தண்ணி எப்படி இருக்கு" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் வரும். "ஐந்தருவியில எத்தனை கிளையில விழுது? மெயின்ல ஆர்ச்சைத் தொடுதா, தாண்டுதா, உள்ளேயே விழுதா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வாய் கூசும். கிளையை எண்ணிச் சொல்ல வேண்டும், நீங்கள் வந்து எண்ணிப் பார்த்துவிடுவீர்கள். வருஷா வருஷம் அதே ஆள் வந்து தங்கும் லாட்ஜ் என்றால் உள்ளதைத்தான் சொல்வார்கள், அவர்களுக்கு நீங்கள் அடுத்த வருஷமும் வேண்டும்.

ஆர்ச் இவ்வளவு நல்ல அளவுகோலாக இருப்பதற்கு மேலே இருக்கிற பொங்குமாங்கடலும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மெயின் அருவி மேலேயிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. நடுவில் அந்தப் பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வருகிற தண்ணீரின் கீழ் மனுஷன் நிற்க முடிவது அதனால்தான். அதையும் மீறி ஆர்ச்சைத் தாண்டி வெளியே வீசுகிறது என்றால் மேலே உண்மையிலேயே நிறையத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்.

ஜூன் 22

யாரையும் கேட்காமல் வீட்டிலிருந்தே பார்க்க வழி உண்டா என்று சிலர் கேட்டார்கள். உண்டு, தினமும் பேப்பரில் வருகிறது, யாரும் படிப்பதில்லை. அணை நிலவரம்.

தென்காசி மாவட்டத்தில் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள். நீர்மட்டம், நீர்வரத்து, மழை மூன்றும் தினமும் காலையில் எடுக்கிறார்கள். குற்றாலத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு. குண்டாறு செங்கோட்டைக்கு மேற்கே கண்ணுப்புளிமெட்டில் இருக்கிறது, அடவிநயினார் மேக்கரையில். இரண்டும் குற்றால மலையின் அடுத்த வரிசைதான், அங்கே கொட்டுகிற மேகம் பெரும்பாலும் இங்கேயும் கொட்டும். குண்டாறு சின்ன அணை, 36.10 அடிதான், அதனால் சீசனில் முதலில் நிரம்புவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். "குண்டாறு நிரம்பி வழிகிறது" என்று செய்தி வந்தால் சீசன் களைகட்டிவிட்டது என்று எங்கள் பக்கம் பேசிக்கொள்வார்கள். ஆனால் நிரம்பிய பிறகு அந்த நீர்மட்டத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நிரம்பினது நிரம்பினதுதான். அடவிநயினார் 132 அடி, அது மெதுவாக ஏறும். மட்டத்தைவிட நீர்வரத்தைப் பாருங்கள், எத்தனை கனஅடி என்று. நேற்றைவிட இன்று கூடியிருந்தால் அருவியிலும் கூடியிருக்கும்.

இந்தப் பட்டியலுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அணையில் அளவு எடுக்கிறவருக்கு நீங்கள் குற்றாலம் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். அவர் கணக்கு விவசாயத்துக்கும் பாசனத்துக்கும். சனிக்கிழமை ஒரு எண், திங்கட்கிழமை ஒரு எண் என்று போட வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

ஜூன் 23

செங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நல்ல திருத்தம் அனுப்பியிருக்கிறார், அப்படியே போடுகிறேன். "ஒரு இடத்து மழையை வைத்து அடுத்த இடத்தைச் சொல்லாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், பக்கத்தில் இருக்கிற திருச்செந்தூரில் 69. சமவெளியிலேயே இப்படி என்றால் மலையில் கேட்க வேண்டுமா?"

ஐயா சொல்வது ரொம்பச் சரி. பேப்பரில் வருகிற மழைப் பட்டியலில் தென்காசி, செங்கோட்டை, ஆய்குடி எல்லாம் இருக்கும், மெயின் அருவிக்கு மேலே மலையில் இருக்கிற செண்பகாதேவி அருவி, அதற்கும் மேலே எவ்வளவு பெய்தது என்பது இருக்காது. அருவிக்கு வேண்டியது அந்த மழைதான். தென்காசியில் வெயில் அடிக்கும், மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டும். தென்காசி பஸ் ஸ்டாண்டில் நாள் முழுக்கச் சாரல் அடிக்கும், அருவியில் ஒன்றும் இருக்காது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று கொண்டுவரும் சாரல் முகத்தில் அடிக்க ஜில்லென்று இருக்கும், அதில் அருவி ஓடாது. "சாரல் சூப்பர்" என்ற தகவலை "தண்ணீர் சூப்பர்" என்று படித்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் ஆரம்பத்தில் பெய்கிற மழையில் பெரும்பங்கைக் காடே எடுத்துக்கொள்ளும், புது மண்பானை முதல் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி. அதே அளவு மழை ஜூலை நடுவில் பெய்தால் அருவிக்கு வருவது அதிகம், நிற்பதும் அதிக நாள். அதனால் ஜூன் முதல் வாரத்தில் நீர்வரத்து கூடிவிட்டது என்று பார்த்ததும் ஓடி வராதீர்கள், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கூடட்டும்.

ஜூலை 2

கூட்டிச் சொல்கிறவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். குறைத்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், எங்கள் வீட்டிலேயே.

எங்கள் மதினி வீடு மேலகரத்தில், குற்றாலத்துக்குப் போகிற வழி. சீசன் வந்தால் அந்த வீட்டில் அடுப்பு அணையாது. காலையில் ஒரு கூட்டம் குளித்துவிட்டு வரும், அதற்கு இட்லி. மத்தியானம் இன்னொரு கூட்டம் வரும், அதற்குச் சோறு. ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிடப் போகலாம் என்று கிளம்பினாலும் பிள்ளைகளை மதினியிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே போன் அடித்தது. மதினி எடுக்கவில்லை, அண்ணனிடம் நீட்டினார்: "தண்ணி இல்லன்னு சொல்லிருங்க." அன்றைக்கு ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் விழுந்துகொண்டிருந்தது.

மதினியை நான் குறை சொல்லவே மாட்டேன், அந்த வேலை எவ்வளவு என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று இங்கே சிலர் எழுதுகிறீர்கள், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். உள்ளூர்க்காரருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் தயவுசெய்து இரண்டு நாள் முன்னால் சொல்லிவிட்டு, கையில் காய்கறியாவது வாங்கிக்கொண்டு வாருங்கள். நிலவரம் தானாகச் சரியாக வரும்.

ஜூலை 3

வள்ளியூர் நண்பர் ஒருவர் ஜனவரியில் குல்மார்க் போகிறாராம், அங்கே பனி இருக்குமா என்று இங்கேயே கேட்கிறார். ஜனவரி என்றாலே பனி உறுதி என்று நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் மாதம் பெரும்பாலும் பனியே இல்லாமல் குல்மார்க் காய்ந்து கிடந்தது, மாதக் கடைசியில்தான் விழ ஆரம்பித்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கமே ஏற்பாடு செய்த போட்டிக்கு அந்த நிலை. டிக்கெட் போடும்போது தேதி மாற்றிக்கொள்கிற மாதிரி போடுங்கள், கிளம்புகிற வாரம் அங்கே இருக்கிற ஆளிடம் வீடியோ காலில் ஜன்னலைக் காட்டச் சொல்லுங்கள்.

ஜூலை 6

இதுவரை எழுதியதெல்லாம் பெட்ரோல் காசு, லீவு நாள் பற்றி. இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி என்ன பிரயோஜனம்.

2024 மே 17. பழைய குற்றாலம். சீசன்கூட இல்லை, கோடை மழை. பிற்பகலில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மலையிலிருந்து திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. நெல்லையிலிருந்து குடும்பத்தோடு வந்த 17 வயது மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டு எது, அருவி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர், ஆட்கள் கத்திக்கொண்டு மேலே ஓடுகிறார்கள்.

அன்றைக்குக் காலையில் யாராவது "பழைய குற்றாலத்தில் தண்ணீர் அளவாக விழுகிறது, கூட்டம் இல்லை, குடும்பத்தோடு வரலாம்" என்று போட்டிருந்தால் அது பொய்யே இல்லை. உண்மைத் தகவல். அந்த உண்மை சில மணி நேரத்தில் ஆளைக் கொல்லும் தகவலாக மாறியிருக்கும். நிலவரம் என்று நாம் சொல்வதெல்லாம் முடிந்துபோனதைப் பற்றியது, மேலே என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. நின்று குளிக்கிறவருக்கு வேண்டியது அந்த வரிதான்.

அதனால் சொல்கிறேன், குளிக்கும்போது இதை மனதில் வையுங்கள். தண்ணீரின் நிறம் மாறினால் வெளியே வந்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கும், அப்புறம் சருகு, குச்சி, சின்னக் கிளை என்று வர ஆரம்பிக்கும். சத்தமும் மாறும், விழுகிற சத்தம் கனக்கும். தலைக்கு மேலே வெயில் அடிக்கிறது என்று நிற்காதீர்கள், மழை பெய்வது மலைக்கு மேலே. போலீஸ்காரர் விசில் அடித்தால் "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" வேண்டாம். எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம், தெரியும். எண்ணெயை லாட்ஜில் வெந்நீரில் கழுவிக்கொள்ளலாம்.

வயசான பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் பழைய குற்றாலத்துக்குப் போனால் படிக்கட்டுக்கு எந்தப் பக்கம் ஏறி ஓடலாம் என்று முதலில் பார்த்துக்கொண்டு அப்புறம் இறங்குங்கள்.

ஜூலை 9

"அருவியில குளிக்கத் தடை போடுறதே கூட்டத்தைக் குறைக்கத்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. நான் தடை போட்ட நாட்களில் போய்த் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீரில் கல் உருண்டு வருகிறது. போலீசார் தடை போடுவதில் தாமதம் இருக்கலாம், எடுப்பதில் தாமதம் இருக்கலாம், ஆனால் இந்த ஒரு நிலவரத்தைச் சொல்கிறவர்களுக்கு ஆளைக் கூட்டி வருவதில் லாபம் இல்லை. தடை என்றால் தடைதான்.

மணிமுத்தாறு அருவியில் இது இன்னும் தெளிவாக இருக்கும். வனத்துறை செக்போஸ்ட்டிலேயே அனுமதி உண்டு, இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் பார்க்க வேண்டிய மழை மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து. அந்த நாலு இடத்து மழையும் தினமும் பட்டியலில் வருகிறது. குற்றாலத்துக்கு மேலே அப்படி ஒரு மழைமானிக் கணக்கு இல்லையே என்று நான் ஏங்குவது இதனால்தான். ஊத்தில் பெரிய எண்ணாக வந்தால் மணிமுத்தாறு பக்கம் போகாதீர்கள், பெரும்பாலும் தடை இருக்கும். அன்றைக்குப் பாபநாசம் அகஸ்தியர் அருவியை விசாரியுங்கள், அங்கே வருஷம் பூரா தண்ணீர் உண்டு. சரி, அதற்கும் தடை என்றால் கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வாருங்கள்.

குற்றாலத்தில் தடை என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஆரியங்காவு தாண்டிப் பாலருவிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: மலை ஒன்றுதான். இங்கே வெள்ளம் என்றால் அங்கேயும் கேரள வனத்துறை மூடியிருக்க வாய்ப்பு அதிகம். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஜூலை 21

டென்வர் தம்பி மறுபடி எழுதினார். அங்கே நிறைய மலைகளில் இப்போது அளவுகோல் கம்பத்துக்கு எதிரே கேமரா வைத்துவிட்டார்களாம். ராத்திரி பூரா பனி விழுந்து கம்பத்தில் ஏறுவதை வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், எண்ணை நாமே படித்துக்கொள்ளலாம்.

மெயின் அருவி ஆர்ச்சுக்கு எதிரே அப்படி ஒரு கேமரா வேண்டும். குளிக்கிறவர்கள் முகம் தெரியாத உயரத்தில், ஆர்ச்சின் மேல் வளைவும் பாறையும் மட்டும் தெரிகிற மாதிரி. பெண்கள் குளிக்கிற பக்கம் கண்டிப்பாகப் படக் கூடாது, அதனால்தான் மேல் வளைவு மட்டும் என்கிறேன். ஐந்தருவியில் ஐந்து கிளையின் தலைப்பும் தெரிகிற மாதிரி இன்னொன்று. இரண்டிலும் ஓரத்தில் மணி ஓட வேண்டும். மூன்றாவது நிலவரம் கேட்கிறவர்களுக்காக இல்லை, குளித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக: செண்பகாதேவிக்கு மேலே தண்ணீர் ஏறினால் கீழே சைரன் அடிக்கிற ஒரு கருவி. பழைய குற்றாலத்துக்கு மேலேயும் ஒன்று. அரசாங்கம் சாரல் திருவிழாவுக்கு மேடை போட்டு, லைட் போட்டு, கொழு கொழு குழந்தை போட்டி எல்லாம் நடத்துகிறது, நன்றாகத்தான் நடத்துகிறது, நானும் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். அந்த ஏற்பாட்டோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், தென்காசி, நெல்லை மாவட்டத்துக்காரர்கள் கையெழுத்துப் போட விரும்பினால் சொல்லுங்கள்.

ஜூலை 22

கேமரா வந்தால் லாட்ஜ் வியாபாரம் படுத்துவிடும் என்று ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தண்ணீர் இல்லாத சனிக்கிழமை வந்து ஏமாந்தவர் அடுத்த இரண்டு வருஷம் எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீர் இருக்கிற செவ்வாய்க்கிழமையைப் பார்த்துவிட்டால் லீவு போட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வாரநாளில் லாட்ஜ் காலியாகக் கிடக்கிறது, ஆட்டோ ஸ்டாண்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 4

கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலை போகிற வழியில் குற்றாலத்தில் குளிக்க வருகிற குழு ஒன்று, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து, இப்போதே கேட்டிருக்கிறார்கள். சாமி, உங்களுக்குத் தேதியை மாற்ற வழியில்லை, அதனால் சீசன் கணக்கு உதவாது. அது வடகிழக்குப் பருவமழை. சாரல் இருக்காது, மழை பெய்தால் மொத்தமாகப் பெய்யும், வெள்ளமும் தடையும் அந்த மாதங்களில் அடிக்கடி வரும். நீங்கள் மதுரை தாண்டும்போது தென்காசிக்கு போன் போட்டு, தடை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள், தண்ணீர் எப்படி என்று கேட்க வேண்டாம். தடை இருந்தால் அருவிப் பக்கம் போகாமல் குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு, தங்குகிற இடத்தில் குழாய்த் தண்ணீரில் குளித்துவிட்டு, புளியரை வழியாகக் கிளம்புங்கள். ராத்திரியில் அருவிக்கு இறங்க வேண்டாம், நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது.